பாய்ச் சங்கதி

வியாழன், சர்க்கரை கிளினிக்கில் கால் பார்க்கும் நாள்.
தம்பிரான் சாக்ஸைச் சுருட்டி
சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார்.
சிஸ்டர் தொகோசிலே
தூண்டில் நரம்பு மாதிரி ஓர் இழையால்
பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டாள்.
இங்கே தெரியுதா? இல்லை.
இங்கே? இல்லை.
குனிந்த தலை நிமிராமல் அடுத்த கேள்வி:
வீட்டில் அது எப்படி?

அவர் சுவரிலிருந்த டயர்க் கடை காலண்டரில்
ஜூலைக்கு எத்தனை ஞாயிறு என்று எண்ணினார்.
"வயசாச்சு, சிஸ்டர்."
"வயசு அட்டையிலேயே இருக்கு. நான் கேட்டது வேற."

எங்களிடம் அதற்குச் சொல் இல்லை.
கரண்டு பில்லுக்கும் பிள்ளைகளுக்கும் இங்கிலீஷ்,
கோயிலுக்கும் வசவுக்கும் தமிழ்.
கோயில் சொல் எட்டாத உயரம்,
வசவுச் சொல்லை வாயில் வைக்க முடியாது.
முப்பத்தாறு வருஷம் 'அது' என்றே ஓட்டிவிட்டோம்.
நாலு வருஷமாய் அதுவும் இல்லை.

ஸுலுவில் நாங்கள் பாய்ச் சங்கதி என்போம் என்றாள்.
அந்தச் சொல்லையும் சொன்னாள்:
நடுவில் நாக்கு பல்லில் ஒட்டி விடுபடும் ஓர் ஒலி.
திடுக்கென்றது எனக்கு.
சாவு வீட்டில், பால் பொங்கி அணைந்த அடுப்பில்,
பஸ் போய்விட்ட வெயிலில்
நான் கொட்டும் அதே உச்சு.
ஐயோ பாவத்துக்கு நாங்கள் வைத்திருப்பதை
இவர்கள் பாய்க்குள் சுருட்டி வைத்திருக்கிறார்கள்.

பாதத்தை மரக்கவைத்த சர்க்கரைதான் அங்கேயும்,
ரத்தம் போகிற சின்னக் குழாய் அடைத்தால்
மானமா போய்விடும் என்றாள்.
நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கிறீர்களே, அதோடு
அந்த நீல மாத்திரை சேரவே கூடாது, உயிர் போகும்.
இரண்டு தடவை சொன்னாள்.
தம்பிரானின் கை சட்டைப் பையைத் தொட்டு மீண்டது.
நான் காலண்டரைப் பார்த்தேன்.

பிறகு என் பக்கம் திரும்பி: உனக்கு?

என்ன சொல்ல.
அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த முதல் இரவு
அப்பாடா என்றிருந்தது என்றா.
மறுநாளிலிருந்து
என் தொங்கிய வயிறுதான் காரணம் என்று
கண்ணாடியைத் துணியால் மூடினேன் என்றா.
"எரியும். தீட்டு நின்றதிலிருந்து."
தம்பிரான் வெறுங்காலோடு எழுந்துவிட்டார்.
"சொல்லவே இல்லையே."
"கேட்கவே இல்லையே."
சிஸ்டர் சீட்டில் ஒரு க்ரீமின் பெயர் எழுதினாள்,
சின்னப் பிள்ளைகள் சண்டையைக் கேட்பதுபோல.

ஹிகின்சன் சாலையில் சிவப்பு ரோபோவில் கார் நின்றது.
அவர் கண்ணாடியை இறக்கி
காகிதப் பொட்டலம் ஒன்றை வெளியே எறிந்தார்.
"எவ்வளவு?"
"முந்நூறு ராண்ட்."
பின்னால் டாக்ஸிக்காரன் ஹாரன் அடிக்க அடிக்க
பச்சை விழுந்தும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

எட்டு மணிக்குக் கரண்டு போனது.
சாட்ஸ்வொர்த் மேடு முழுக்க இருட்டு.
மெழுகுவத்தியும் வெந்நீர்ப் பேசினுமாக
கட்டிலடியில் உட்கார்ந்து
அவர் பாதத்தை மடியில் எடுத்தேன்.
தினமும் பார்க்கச் சொல்லியிருக்கிறாளே.
விரலிடுக்கைத் துடைத்தேன்.
இங்கே? இல்லை.
இங்கே? இல்லை.
கணுக்கால்? லேசா, யாரோ தூரத்தில் கூப்பிடுற மாதிரி.
ஆடுசதை? ம்.
முழங்காலின் பின்பக்கம்,
இத்தனை வருஷத்தில் நான் தொட்டே இராத இடம்.
பதில் இல்லை.
மெழுகுவத்தியை அவர்தான் அணைத்தார்.

நடந்ததற்கும் பெயர் கிடையாது.
பழைய 'அது' இல்லை.
அவசரமில்லை, எரியவில்லை,
முடிவென்று ஒன்று வரவும் இல்லை.
நடுவில் கரண்டு வந்து
ஹாலில் யாருமில்லாமல் கிரிக்கெட் ஓடியது.

இப்போது துணி உலர்த்தும்போது
அந்தச் சொல்லைப் பழகிப் பார்க்கிறேன்.
முன்னும் பின்னும் நழுவிவிடுகிறது.
நடுவிலிருக்கும் ச்சு மட்டும் வருகிறது.
உள்ளேயிருந்து தம்பிரான்:
"என்னத்துக்கு உச்சுக்கொட்டுறே, மோகாம்பரி?"
"ஒண்ணுமில்ல," என்கிறேன்,
"பாய் விரிக்கிறேன்."