இரவுக் கவசம்

தேர்தல் முடிந்த மூன்றாம் வாரம்
கோஷித்சே நகரில்
கடைவாய்ப் பற்கள் விரிசல் விடத் தொடங்கும்.
நாற்காலியில் சாய்ந்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்:
"கடினமாக எதையும் கடிக்கவில்லை, டாக்டர்."

டிராம் ஓட்டும் இம்ரிக் கடித்தது
இரவுச் செய்தியை.
நீதிமன்ற எழுத்தர் லுட்மிலா,
சதுக்கத்தில் தன் மகன் தூக்கிப் பிடித்த பதாகையை.

நான் கட்சி கேட்பதில்லை.
வாயைத் திறக்கச் சொல்லி
பேச முடியாதபடி பஞ்சு வைக்கிறேன்.
சிலருக்கு,
ஒப்புக்கொள்கிறேன்,
தேவைக்கு மேல் ஒரு பஞ்சு.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று
முதலில் சொன்னவனுக்குப்
பல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அச்செடுத்த தாடைகள் ஜன்னலோரம் காய்கின்றன.
வெள்ளைச் சாந்தில் முப்பது வாய்கள்.
எது யாருக்கு வாக்களித்தது என்று
தேய்மானத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.
முயன்று பார்த்தேன்.

நேற்று பனி. கடைசி ஆள் வரவில்லை.
வானொலியை நிறுத்திய பிறகும்
அது என் தாடைக்குள் பேசிக்கொண்டிருந்தது.
கண்ணாடி முன் நின்று
எனக்கு நானே அச்செடுத்தேன்,
மோவாயில் எச்சில் வழிய.

இன்றிரவு அதை மாட்டிக்கொண்டு படுத்தேன்.
மூன்று தேர்தல்களாக
வேறு சீட்டைப் போடும் ராஸ்திஸ்லாவ்
ஏதோ கேட்டான்.
நான் சொன்ன பதில் எனக்கே புரியவில்லை.
சிரித்துவிட்டான். நானும்.

விளக்கணைத்துச் சற்று நேரத்தில்
அவன் பக்கத்திலிருந்து
நறநறவென்று.

நாளை ஒன்பதரைக்கு
ஓர் இடம் காலி.