ஒன்பது ஐந்தாகத் தெரியும் முக்கு

உப்புக்காற்று இங்கே
எண்களைக்கூடத் தின்னும்.
உச்சிப்புளிக்கு இந்தப் பக்கம்
மூன்று சாலை சேரும் முக்கில்
சிக்னல் நட்டுப் பத்து மாதம்தான்.
நொடி காட்டும் பெட்டியில்
வலது மேல்கோடு ஒன்று செத்துப்போனது.
அதனால் எட்டு, ஆறாகத் தெரியும்.
ஒன்பது, ஐந்தாகத் தெரியும்.
ஏழு பாதி ஏழு.
மற்றதை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதிகாலை மூன்றே முக்கால்.
என் குட்டியானையில் பதினான்கு பெட்டி,
ஊளியும் நகரையும்.
ராமநாதபுரத்து ஏலக்காரன் நாலரைக்குமேல்
பேச்சு மாற்றுவான்.
சிவப்பில் நின்றால்
பின்னால் ஐஸ் சொட்டுவது கேட்கும்.
அந்தப் பெட்டியைவிட
ஐஸ் சரியாக எண்ணும்.

பதினோரு வருஷம் நான் படகில் இருந்தவன்.
இருட்டில் வலப்பக்கம் ஒரு படகின்
சிவப்பு விளக்கு தெரிந்தால்
வழிவிட வேண்டியவன் நான்.
இடப்பக்கம் பச்சை தெரிந்தால்
அவன் விடுவான், நான் போகலாம்.
கம்பம் இல்லை, கோடு இல்லை,
விசில் ஊத ஆள் இல்லை.
அவனவன் தன் சிவப்பையும் பச்சையையும்
தானே சுமந்துகொண்டு அலைவான்.
பாம்பன் பாலத்தில் காற்று மிஞ்சினால்
ரயிலே நிற்கிறது,
யாரும் அதைக் கோழை என்பதில்லை.

கரையேறி ஸ்டியரிங் பிடித்ததும்
எனக்கு என்ன வந்ததோ.

ஐந்து என்று காட்டியது.
கிளட்சை விட்டேன்.
அது ஒன்பது.
ஒன்பது என்று எனக்குத் தெரியும்.
பெட்டியே ஐந்து சொன்னது என்று
யாரிடமோ சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது,
அவ்வளவுதான்.

நடக்கும் பச்சை மனிதன் இன்னும்
அணையவில்லை.
அவனை நம்பி இறங்கியவள்
பாதிச் சாலையில் இருந்தாள்.
தலையில் சுருட்டிய சாக்கு,
விரல்களில் துணிச்சுற்று,
கையில் முக்குளிக்கும் கண்ணாடி.

பிரேக்கில் பதினான்கு பெட்டியும்
முதுகில் வந்து இடித்தன.
அவள் துள்ளி விலகினாள்.
கண்ணாடி மட்டும் உருண்டு வந்து
முன்சக்கரத்துக்குக் கீழே
சின்னதாக ஒரு சத்தம் போட்டது.

வைவாள் என்று இறங்கினேன்.
குனிந்து சில்லைப் பொறுக்கினாள்.
"இன்னைக்கு நல்ல வத்தம்," என்றாள்,
"போச்சு."
பாசி எடுக்கும் நாள் ஒன்று
என் டயரில் ஒட்டிக்கிடந்தது.
ஆயிரம் ரூபாய் நீட்டினேன்.
அறுநூறு எடுத்துக்கொண்டு
மீதியை என் சட்டைப்பையில் செருகினாள்.
"அந்த அஞ்சு ஒம்பதுன்னு எனக்கே தெரியும்.
ஒனக்குத் தெரியாதா?"

எனக்குப் பச்சை வந்தது, போனது.
மறுபடி வந்தது.
ராமேஸ்வரத்துப் பேருந்து ஒன்று பின்னால்
ஆரன் அடித்துத் தீர்த்தது.
ரோட்டில் சிந்திய ஐஸை
நாய் ஒன்று நக்கியது.

பெயர் முத்துராக்கு.
அதுவும் அன்று கேட்கவில்லை,
வேதாளைக் கடைக்காரன் சொன்னது.

இப்போதும் மூன்றே முக்கால்தான்.
மணல் மூடிய வெள்ளைக் கோட்டை
நினைவில் வைத்து நிற்கிறேன்.
எதிரே ஓரத்தில் அவள்,
புதுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி.
எனக்கும் சிவப்பு, அவளுக்கும் சிவப்பு.
பச்சை, கடலிலிருந்து வரும்
மூன்றாவது சாலைக்கு.
அதில் வண்டி இல்லை. ஆள் இல்லை.
ஒரு ஆடுகூட இல்லை.
அவளுக்கு நீர் ஏறிக்கொண்டிருக்கிறது.
எனக்கு ஐஸ் இறங்கிக்கொண்டிருக்கிறது.
வராத யாருக்கோ இரண்டு பேரும்
வழிவிட்டுக்கொண்டு நிற்கிறோம்.

ஐந்து.
கால் பிரேக்கில்தான் இருக்கிறது.
ஆறு.
பாதி ஏழு.
பிறகு திரும்பி ஆறு, ஐந்து என்று
வத்திக்கொண்டு வருகிறது.