பின்னேர வகுப்பு

பகல் வகுப்புக்குக் காசில்லை.
பஸ்ஸுக்கென்று மாதாமாதம் ஒரு சிறு தொகை
எங்கள் பக்கமிருந்தே போகும்.
பின்னேர வகுப்புக்குத்தான் காசு.
பதினெட்டாயிரம், மூன்று தவணை.
பகலை எங்கேயோ விற்றுவிட்டு வருகிறவர்களிடம்தான்
பின்னேரத்துக்கு விலை கேட்கிறோம்.
சுற்றறிக்கையில் இது இப்படி எழுதியிருக்காது.
கவுண்டரில் பதினொரு வருசம் இருந்தால் தெரியும்.

ஐந்து மணிக்குக் கொக்குவில் சந்தியில் இறங்கி
ரெயில் பாதையைக் கடந்து வருவார்கள்.
முழங்கால்வரை சீமெந்து காய்ந்த இரண்டு பேர்.
மருந்துக்கடைச் சட்டையைக் கழற்ற நேரமில்லாத ஒருவர்.
மூன்றாந்தரமும் ஏ.எல். எழுதிவிட்டு
வீட்டில் ஒருவரோடும் கதைக்காத பெடியன்,
வயரிங் வகுப்பில் முதல்நாளே பியூசை எரித்துச்
சத்தமாகச் சிரித்தான்.
கனடாவுக்குப் போகும்வரைக்கும் என்று
பேக்கரி படிக்க வந்தவள்
விசா கிடைத்த கிழமையும்
மாப் பிசைந்துகொண்டிருந்தாள்.

மரிஸ்ரெலா, பாசையூர்.
வயது முப்பத்தொன்பது.
பாடநெறி என்ற இடத்தில்
ஐஸ் என்று மட்டும் எழுதியிருந்தாள்.
குளிரூட்டல், வாயுச்சீராக்கல் என்று
நான்தான் மேலே திருத்தினேன்.
"ஓம் சேர், அதுதான்.
உடைச்சு அள்ளிப் போடத் தெரியும்.
பதினாலு வருசமா அதுதான் வேலை.
அது எப்பிடி வருகுதெண்டுதான் தெரியாது."

முதல் தவணை ஈரமாக வந்தது.
நோட்டுகளைப் பிரித்து
மேசை விசிறிக்குக் கீழே
குத்தூசி டப்பாவைப் பாரம் வைத்துக் காயவிட்டேன்.
அன்றைக்கு முழுக்க அலுவலகத்தில் கடல் மணம்.
ரசீது எழுதும்போது அவள் என் கையைப் பார்க்கவில்லை.
எனக்குப் பின்னால் சுவரில்
இரண்டு வருசமாக ஓடாத ஏசியைப் பார்த்தாள்.
திருத்த நாற்பத்தையாயிரம்.
கடிதம் கொழும்பில் இருக்கிறது.

இரண்டாந் தவணை பிந்திவிட்டது.
வாடை குழப்பிய மாதம்;
கடலுக்குப் போக ஆளில்லாவிட்டால்
ஐசுக்கும் ஆளில்லை.
மூன்றாவது வரவேயில்லை.
தவணை முடியாமல் பரீட்சை அட்டை கொடுக்கக் கூடாது.
அட்டை என் லாச்சியில்,
அவளுடைய படம் மேலே பார்த்தபடி.

ஒருநாள் போதனாசிரியர் ஏணியோடு வந்தார்.
"செய்முறைக்கு உங்கட ஏசியைத் தாங்கோ."
பெடியள் கீழே பிடித்துக்கொள்ள
அவள் ஏறினாள்.
சவர்க்கார நுரையைக் குழாய் நெடுகத் தடவி
மூச்சை அடக்கிப் பார்த்திருந்தாள்.
ஒரு மூட்டில் குமிழி ஒன்று
மெல்ல ஊதி, உடைந்து, திரும்ப ஊதியது.
"இஞ்சைதான் சேர் களவு."
இரண்டு மணித்தியாலம்.
பிறகு எங்கள் தலைகளில் குளிர் இறங்கியது.
ரசீதுகள் பறந்தன.
கணக்காளர் கழுத்துக்குச் சால்வை கேட்டார்.

செய்த வேலையைக் கட்டணத்தில் கழிக்க
ஒரு படிவம் இருக்குமா என்று தேடினேன்.
திரும்பச் செலுத்தலுக்கு இருக்கிறது.
இழப்புக்கு இருக்கிறது.
தளபாடம் திருட்டுப் போனால் நான்கு பிரதி.
இதற்கு இல்லை.

மூன்றாந் தவணையை யார் கட்டினார்கள் என்று
ரசீதுப் புத்தகத்தில் தெரியாது.
அந்த நோட்டுகள் காய்ந்திருந்தன.
அவ்வளவுதான் சொல்வேன்.
தை பிறந்து இரண்டாங் கிழமை
ஈரமான ஆறாயிரம் என் மேசையில் இருந்தது.
வைத்துவிட்டுப் போனவள்
ரசீது கேட்கவில்லை.

இப்போது வருட முடிவு.
மாணவர் தொகையை வயதுவாரியாகக் கேட்டு
கொழும்பிலிருந்து அட்டவணை வந்திருக்கிறது.
பதினாறு முதல் இருபதுக்கு
அகலமான கட்டம்.
இருபத்தொன்று முதல் முப்பதுக்கும் பரவாயில்லை.
முப்பதுக்கு மேல் என்பதற்கு
ஓரத்தில் ஒரு கீற்று,
இரண்டு இலக்கத்துக்கே மூச்சு முட்டும்.
நூற்று முப்பத்தேழு என்று எழுதினேன்.
ஏழு கோட்டுக்கு வெளியே போய் நிற்கிறது.
அழிக்கவில்லை.
ஏசியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு
ஒப்பம் வைத்தேன்.