ஏழாம் மடை

கமிஷனர் வரைபடத்தில் கால்வாய்
நீல மையில் வளைந்து போகிறது.
ஏழாம் மடையைத் தாண்டி, ஓரத்தில்,
பென்சிலால் ஒரு சதுரம்: 412/3பி.
பதினோரு வருஷக் கட்டில் நூற்று நாற்பதாம் பக்கம்.
இந்த எண்ணை வேறெங்கோ வாசித்திருக்கிறேன்.
தீர்வை ரசீதில். எங்கள் வீட்டு பீரோவில்.

மாமியார் மகளுக்கு எழுதிவைத்த முப்பத்திரண்டு சென்ட்.
காருக்கு ஒருதரம், பிசானத்துக்கு ஒருதரம்
மூட்டை வந்து இறங்கும்.
எந்த வயல் என்று நான் கேட்டதில்லை.
சோறு வெந்த பிறகு யார் கேட்பார்.

அம்பாசமுத்திரம் கோர்ட்டில் இன்று
மின்விசிறி மட்டும்தான் வாதாடுகிறது.
வாதி ஆவுடையம்மாள்.
பிரதிவாதி மேல்மடைக்காரர் பூலுடையார்,
மடையை ஒரு சாண் அகலமாக்கியவர்.
ஆவுடையம்மாள் ஜெயித்தால்
கடைமடை வரை தண்ணீர் பாயும்.
கடைமடையில் என் சதுரம் இருக்கிறது.

யாருக்கும் தெரியாது.
இரண்டு வக்கீல்களும் இதே படத்தைத்தான் புரட்டுகிறார்கள்.
நான் நேர்மையானவன், எனக்கே தெரியும்;
பயமும் அங்கேதான்.
என் நேர்மையை நானே பார்த்து ரசிக்க
பூலுடையாருக்கு ஒரு பிடி கூட்டி அளந்துவிடுவேன்.
தன் பக்கம் சாயாதிருக்க
எதிர்ப்பக்கம் சாய்கிறவனும்
சாய்ந்தவன்தான்.

விலகினால்
கட்டு சேரன்மகாதேவிக்குப் போகும்.
புது நம்பர், புது வாய்தா,
அதற்குள் இன்னொரு பிசானம் கருகும்.
கை கழுவவும் தண்ணீர் வேண்டியிருக்கிறது.
அதுவும் அந்த அம்மாள் வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர்.

ஜெபக்கனி விசைப்பலகையில் விரல் வைத்துக் காத்திருக்கிறாள்.
"சொந்தக் காரணங்களால்" என்றேன்.
வேண்டாம், அதை எடுத்துவிடு என்றேன்.
சொல்லாத காரணத்துக்கு
ஊர் ஆயிரம் காரணம் கட்டும்.
"இந்த மடைத் தண்ணீரில் விளைந்ததை
ஆறு வருஷமாக என் வீட்டில் சோறாக உண்கிறோம்."
"ஐயா, சோறுன்னே அடிச்சிரட்டுமா?"
"அடிச்சிரும்மா."

சீக்கிரம் எடுத்து முடிக்கும்படி
மாவட்ட நீதிபதிக்கு ஒரு கடிதமும் சொன்னேன்.
கேட்டுக்கொள்ளலாம். அதற்குமேல் என் கையில் இல்லை.

பூலுடையார் ஜெயித்தாரா தோற்றாரா தெரியாமல்
துண்டை மடித்துக்கொண்டே நின்றார்.
ஆவுடையம்மாள் நேராக முன்னால் வந்தாள்.
"ஒத்த வாய்தா தள்ளாத ஆளுன்னு நம்பியிருந்தேன்யா.
தண்ணி பாஞ்சா ஒங்களுக்கும்தான பாயும்,
அதுல என்ன தப்பு?"
டவாலி அவளைப் பைய வெளியே கூட்டிப்போனார்.
நான் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மதியம் கேரியரைத் திறந்தேன்.
மேல்தட்டில் அவியல்.
கீழ்த்தட்டைப் பார்த்துவிட்டு மூடினேன்.
பிறகு பசித்தது. தின்றேன்.

இரண்டரைக்கு அடுத்த கட்டு.
ஒரு பொதுச்சுவர், அதில் சாய்ந்த வேப்பமரம்.
பிராதை வாசிக்கவில்லை.
முதலில் வரைபடத்தைப் பிரித்தேன்.