ஏழு

டிக்கோயா வீதி, தொலைபேசிக் கடைக்குப் பின்னால்
ஜன்னலில்லாத அறை, பதினொரு தொட்டி.
செவ்வாய்க்கிழமை விடியும்போது
மூன்றாம் தொட்டியில் ஆறு டிஸ்கஸ் மீன்
கழுவிப்போட்ட தட்டுகள்போலச் சாய்ந்து கிடந்தன.
மீட்டரைப் பார்த்தேன்: ஏழு.
புள்ளிக்குப் பிறகும் இரண்டு பூச்சியம்.

ஏழென்றால் நல்ல தண்ணீர்.
புளிப்பும் இல்லை, காரமும் இல்லை.
நல்ல தண்ணீரில் யாராவது சாவார்களா?
மீன்களைச் சந்தேகித்தேன். பிறகு தீனியை.
பிறகு அவற்றை விற்ற நீர்கொழும்புக்காரரை;
போனை எடுக்காததால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

திலகேஸ்வரிதான் (இந்த அறையில் பாதி அவளுடைய சீட்டுக்காசு)
ஒரு தேசிக்காயை வெட்டிக்
குவளைத் தண்ணீரில் பிழிந்து
உன்னைத் தூக்கி அதில் நிறுத்தினாள்.
ஏழு.
வேறு குவளை, அரைக் கரண்டி அப்பச்சோடா.
ஏழு.
"இது அளக்கல," என்றாள், "மனப்பாடம் ஒப்பிக்குது."

உன்னைப் பற்றி நான் படித்தது இவ்வளவுதான்:
நுனியில் ஒரு குமிழ், முட்டையோட்டுப் பருமனில் கண்ணாடி.
அது காயக் கூடாது.
ஊறிய அந்தத் தோலில் தண்ணீரின் புளிப்பு
வந்து ஒட்டும், உள்ளே நுழையாது.
உள்ளே அடைத்த திரவம் என்றைக்கும் ஏழு.
வெளியே வேறாக இருந்தால்
இரண்டுக்கும் நடுவே சின்னதாய் ஓர் இழுபறி,
படிக்கு ஐம்பத்தொன்பது மில்லிவோல்ட்,
குளிரில் அதுவும் குறையும்.
பக்கத்திலே இன்னொரு கம்பி, உப்புநீரில் உட்கார்ந்து,
பீங்கான் துளைவழியே கசிந்து கசிந்து
தொட்டியோடு தொடர்பு வைத்திருக்கும்.
அதோடு ஒப்பிட்டுத்தான் உன் பேச்சு.
உள்ளும் புறமும் ஒன்றானால் வோல்ட் பூச்சியம்.
பூச்சியத்தை மீட்டர் ஏழு என்று எழுதும்.

இரண்டு நாள் உன்னோடேயே போயிற்று.
குமிழில் படிந்த பாசியை மெல்லக் கழுவினேன்.
ஹீட்டரைப் பிடுங்கினேன், பம்பை நிறுத்தினேன்,
ஒழுகுகிற மின்சாரம் உன் காதில் ஏதாவது ஓதுகிறதோ என்று.
காய்ச்சி வடித்த தண்ணீரில் உன்னை ஊறப்போட்ட
மாதங்களை ஒப்புக்கொண்டேன்;
சுத்தம் என்று நினைத்தேன்,
அது உன் உப்பைத்தான் உறிஞ்சியிருக்கிறது.
கண்டியிலிருந்து பஸ் நடத்துநர் கையில்
பொட்டாசியம் குளோரைட் போத்தல் வந்தது.
கூடவே அளவு பார்க்கும் கரைசல் இரண்டு.
ஏழுக் கரைசலில் ஏழு. கை தட்டினேன்.
நான்குக் கரைசலிலும் ஏழு.

சிங்கமலைச் சுரங்கத்தைவிட்டு
ராத்திரி ரயில் கூவிக்கொண்டு வெளியே வந்த நேரம்
திலகேஸ்வரியின் கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது.
நிமிர்ந்து பார்த்தோம்.
வெளியே பதின்மூன்று பாகை, பனிமூட்டம்.
உள்ளே பதினொரு ஹீட்டர்.
தகரக் கூரை முழுக்க வியர்வை.
மீனுக்கென்று நாங்கள் கொடுத்த சூடு
மேலே போய்க் குளிர்ந்து
சொட்டுச் சொட்டாக உன் வயர் மீட்டரில் மாட்டும்
பித்தளைக் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.
அங்கே ஈரம் பட்டால் நீ சொல்வது எதுவும்
மீட்டருக்குப் போய்ச் சேராது.
மீட்டர் பாவம், மௌனத்தை ஏழு என்று எழுதியது.

கழற்றினோம். ஸ்பிரிட் தொட்ட பஞ்சு.
அவளுடைய ஹெயார் ட்ரையர், பத்து நிமிடம்.
மீண்டும் மூன்றாம் தொட்டி.

ஆறு.
ஐந்து புள்ளி இரண்டு.
நான்கு புள்ளி மூன்று.

நின்றுவிட்டது.
நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.
மலைத்தண்ணீர்; சுண்ணாம்பென்று சொல்ல எதுவுமில்லை,
புளிப்பு ஏறினால் தடுக்க ஆளில்லை.
ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது,
ஏழு, ஏழு, ஏழு என்று
நான் கொப்பியில் எழுதிவர.

இப்போது ஒவ்வொரு தொட்டியிலும்
ஒரு பை சிப்பித்தூள் தொங்குகிறது.
உன் பித்தளைக் கழுத்துக்குப் பொலித்தீன் குடை.
நீயும் ஒரிடத்தில் நிற்பதில்லை:
ஆறு புள்ளி எட்டு, ஆறு புள்ளி ஏழு, மீண்டும் எட்டு.
அந்த நடுக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒன்பதாம் நாள் நீர்கொழும்புக்காரர் போன் எடுத்தார்.
"தண்ணி எத்தனை காட்டுது?"
பொறுங்க அண்ணே, என்றேன்,
வீட்டில் தேசிக்காய் இருக்கிறதா பார்க்கிறேன்.