தொப்பி வைத்த மூட்டை

எங்கள் பக்கம் மூட்டைக்குத் தொப்பி உண்டு.
வாய் நிரம்பிய சாக்கின் மேல்
வலையைக் கோபுரமாய் நிறுத்தித் தைப்பார்கள்.
உள்ளே இன்னும் மூன்று கூடை உருளைக்கிழங்கு.
தைத்த பிறகும் அதன் பெயர் ஒரு மூட்டைதான்,
விலையும் ஒரு மூட்டைக்குத்தான்.

கினாங்கோப் மேட்டில்
பனி விலகுமுன் லாரி வந்து நிற்கும்.
தரகர் கிபே இறங்கமாட்டார்.
கண்ணாடி நாலு விரல் இறங்கும்,
விலை வெளியே வரும்,
கண்ணாடி ஏறிவிடும்.
கதோனி தன் மூட்டையைச் சுற்றிச் சுற்றி வருவாள்.
கொடுக்காவிட்டால் முளைவிடும்.
கொடுத்தால் விதைக்கடனுக்கே சரி.

நான் ஏற்றுகூலி.
தராசே இல்லாத அந்த மேட்டில்
எடை தெரிந்த ஒரே ஜீவன் என் முதுகு.
நூற்று நாற்பது என்றது.
மழைநாளில் நூற்று அறுபது என்றது.
ஏழை சொல்லே அம்பலம் ஏறாது,
ஏழை முதுகா ஏறும்?

பிறகு சங்கம் வந்தது.
தகரக் கொட்டகை, சிமெண்டுத் தரை,
நீல நிறத்தில் ஒரு மின்தராசு.
ஐம்பது காட்டியதும் வாயைத் தைத்துவிடுங்கள் என்றாள்
கணக்கெழுத வந்த முகுரே.
மூட்டைகள்
மொட்டையடித்த பிள்ளைகள்போல் வரிசையாய் நின்றன.

முதல் வாரம் நைரோபிக்கு இருநூறு அனுப்பினோம்.
அங்கே ஒரு தொப்பி மூட்டையின் விலைக்கு
எங்களுடையது இரண்டு.
சந்தைப் பெண்கள் விரலால் தட்டிப் பார்த்து
"இது என்ன, குட்டி போட்டதா?" என்று சிரித்தார்களாம்.
நாற்பது திரும்பி வந்தது.
போன வாடகை, வந்த வாடகை, இரண்டும் எங்கள் தலையில்.

அன்றிரவு கொட்டகைக்குப் பின்னால்
வலை தைக்கும் சத்தம்.
நடுவே ஒரு இருமல்.
கதோனியின் இருமல் எனக்குத் தெரியும்.
தூங்குகிறவன்போல் படுத்திருந்தேன்.

காலையில் முகுரே எவரையும் விசாரிக்கவில்லை.
தராசையே லாரியில் ஏற்றச் சொன்னாள்.

சந்தை வாசல் சேற்றில் பலகை போட்டு
அதை வைத்தோம்.
மத்தியானம்வரை ஈ ஓட்டினோம்.
பொரித்த கிழங்கு விற்கும் ஒருத்தி,
ஒசியெமோ என்று கூப்பிட்டார்கள்,
தான் வேறிடத்தில் வாங்கிய தொப்பி மூட்டையைக் காட்டி
தூக்கி வை என்றாள்.
தூக்கும்போதே முதுகு திடுக்கிட்டது.

தொண்ணூற்று ஒன்று.

மேட்டில் நூற்று நாற்பதாய் ஏறியது
வழியில் எங்கோ
மூன்று நாலாகி, மெலிந்து,
தொப்பியை மட்டும் கழற்றாமல்
வந்து சேர்ந்திருந்தது.

ஒசியெமோ விரல்விட்டு எண்ணினாள்.
வாயில் வந்த வசவை விழுங்கிக்கொண்டாள்.
எங்களிடம் இரண்டு மூட்டை வாங்கினாள்.
இரண்டே இரண்டு.
மற்றவர்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
ஆனால் போய்விடவில்லை.

சாயங்காலம், தராசைத் துடைக்குமுன்
ஒரு நிமிடம் நானே ஏறி நின்றேன்.
ஐம்பத்தெட்டு.
எழுதவா என்பதுபோல் முகுரே பேனாவைத் திறந்தாள்.
வேண்டாம் என்று தலையசைத்தேன்.
பதினோரு வருஷமாய்
என்னைப்போல் இரண்டரைப் பேரைச்
சுமந்திருக்கிறேன்,
ஒரு மூட்டைக் கூலிக்கு.