முதலில் நீங்கள்

மூணாறு தலைப்பில் மதகுக்கு ஒரு பெட்டி.
பெட்டி வீடில்லை, சத்திரம்:
என் நிரல்கள் வந்து இறங்கும்,
கணக்கை மடியில் கட்டிக்கொண்டு
அடுத்த மதகுக்குக் கிளம்பிவிடும்.

கோரையாற்றுக்கு ஒன்று, பாமணிக்கு ஒன்று.
சண்டை வேண்டாமென்று
ஒரே விதிதான் எழுதியிருந்தேன்:
எதிரே ஆள் இருந்தால்
முதலில் நீங்கள்.

செவ்வாய் இரவு ஒன்றே முக்காலுக்கு
இரண்டும் ஒரே பெட்டியில் வந்து நின்றன.
முதலில் நீங்கள்.
இல்லையில்லை, முதலில் நீங்கள்.
பதிவேட்டில் பதினோராயிரம் வரி மரியாதை.
மூடிய ஷட்டர்கள் மூடியே கிடந்தன.

வெண்ணாறு யாரையும் கேட்கவில்லை.
திறந்திருந்த பக்கம் போனது.

வெள்ளிக்கிழமை இஸ்மத் போன் செய்தாள்,
தலைஞாயிற்றிலிருந்து:
"கடைசி வாய்க்கால் வரைக்கும் தண்ணி நிக்குது.
என்னடி மாத்தினே?"

ஒன்றும் மாற்றவில்லை.
திருத்தம் தயாராகத்தான் இருக்கிறது,
சீட்டுக் குலுக்கிப் போடும் ஆறு வரி.
ஏற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன், டீ ஆடை கட்டிவிட்டது.

அந்தப் பெட்டிக்கு மூன்றாவதாக ஒன்று
வந்திருக்க வேண்டும்.
நான் எழுதவே இல்லை.
இப்போதுதான் அதற்குப் பெயர் வைத்தேன்.
தலைஞாயிற்றில் கிளம்பி
ஒவ்வொரு மதகாக ஏறி வர
நேரமாகும்.

அதுவரை
இவை பேசிக்கொண்டிருக்கட்டும்.